தரங்கம்பாடி: கோட்டையோடு திரும்பி வந்துவிடாதீர்கள்

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம், திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி என்று போகிறவர்கள் வழியில் அரை மணி நேரம் ஒதுக்கி, கோட்டை வாசலில் வண்டியை நிறுத்தி, நாலு போட்டோ எடுத்து, கடலில் காலை நனைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிற ஊர் தரங்கம்பாடி. அப்படிப் போய்வந்தவர்கள் "சின்னக் கோட்டை, வெயில் ஜாஸ்தி, அரை மணி நேரம் போதும்" என்று எழுதி மூன்று ஸ்டார் போட்டிருப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த ஊர் இது, பலமுறை போயிருக்கிறேன், யாராவது கேட்டால் விரிவாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு ஐந்துக்கு ஐந்து. கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு மூன்று. சாப்பாட்டுக்கு இரண்டரை. ஒரு நாள் முழுக்க, முடிந்தால் ஒரு ராத்திரி தங்கி, நடந்தே பார்க்க வேண்டிய ஊர். "டேனிஷ் ஊர்" என்கிற ஒற்றை வார்த்தையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள், அதுதான் என் முக்கியமான வேண்டுகோள். டேனிஷ்காரர்கள் இங்கே இருந்தது சுமார் 225 வருஷம். அவர்கள் வருவதற்கு 300 வருஷத்துக்கு முன்னாலேயே இங்கே கல்வெட்டோடு ஒரு சிவன் கோயில் இருந்தது, அவர்கள் போன பிறகும் ஊர் இருக்கிறது, நடுவில் அவர்கள் செய்த காரியங்களில் உருப்படியானவற்றில் பாதி உள்ளூர்த் தமிழர்கள் கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததால் நடந்தவை. இதை மனதில் வைத்துக்கொண்டு நடந்தால் ஒவ்வொரு கட்டடமும் வேறு மாதிரி தெரியும்.

போவது சுலபம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி, சிதம்பரம், சீர்காழி தாண்டி வர வேண்டும், 280 கிலோமீட்டர் சுமாருக்கு வரும். காரைக்காலிலிருந்து வந்தால் கொஞ்ச தூரம்தான். ரயிலில் வருகிறவர்கள் மயிலாடுதுறையில் இறங்கிப் பஸ் பிடிப்பது நல்லது. ஒரு காலத்தில் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி வரைக்குமே ரயில் ஓடியது, 1926-இல் போட்ட மீட்டர் கேஜ் பாதை, 1986-இல் நிறுத்திவிட்டார்கள். திரும்பக் கொண்டுவரச் சொல்லி இந்தப் பக்கத்து ஜனங்கள் இன்னமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், அந்தக் கோரிக்கை எனக்கும் நியாயமாகவே படுகிறது. மாவட்டம் நாகப்பட்டினம் என்று பழைய பலகைகளில் பார்த்தால் குழம்ப வேண்டாம், 2020 டிசம்பரிலிருந்து மயிலாடுதுறை மாவட்டம்.

பஸ்ஸில் வந்தாலும் காரில் வந்தாலும் மெயின் ரோட்டிலேயே இறங்கிவிடுங்கள். கோட்டை வாசல் வரைக்கும் வண்டியைக் கொண்டுபோவதுதான் எல்லாரும் செய்கிற காரியம், அப்படிச் செய்தால் ஊர் எப்படிப் போடப்பட்டிருக்கிறது என்பதே தெரியாமல் போய்விடும். மெயின் ரோட்டிலிருந்து கடலைப் பார்த்துத் திரும்பியதும் வெள்ளை வெளேரென்று ஒரு நுழைவாயில் நிற்கும். முன்பு இந்த ஊரைச் சுற்றி மதில் இருந்தது, அதற்கான தரைவாசல் இது, இப்போது நிற்கிற கட்டடம் 1792-இல் கட்டியது. மதில் போய்விட்டது, வாசல் மட்டும் நிற்கிறது. அதன் வழியாக இன்றைக்கும் ஸ்கூல் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள், மீன் ஏற்றிய டிவிஎஸ் ஃபிஃப்டி போகிறது, வேன் போகிறது. ஏதோ கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டின சின்னம் மாதிரி இல்லாமல் வாசல் வாசலாகவே புழங்குவது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

வாசலைத் தாண்டினால் கிங்ஸ் ஸ்ட்ரீட். நேராகக் கடல் வரைக்கும் போகும் தெரு, பத்து நிமிஷம் நடந்தால் முடிந்துவிடும், ஆனால் பத்து நிமிஷத்தில் முடிக்காதீர்கள். இடது பக்கம் வலது பக்கம் இரண்டிலும் உயரமான தூண் வைத்த பழைய வீடுகள், சிலது பள்ளிக்கூடமாக, சிலது கன்னியர் மடமாக, சிலது பூட்டிக் கிடக்கும். இதே தெருவில்தான் இரண்டு தேவாலயங்கள். சீயோன் தேவாலயம் 1701-இல் டேனிஷ்காரர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்டது. இன்னொன்று புதிய எருசலேம் தேவாலயம், 1718-இல் பிரதிஷ்டை ஆனது, தமிழ்ச் சபைக்காகக் கட்டியது. முகப்பில் டென்மார்க்கின் நாலாம் பிரெடரிக் மன்னரின் முத்திரை எழுத்துகளை மேலே கிரீடத்தோடு பார்க்கலாம். உள்ளே பலிபீடத்துக்கு முன்னால் இதைக் கட்டிய சீகன்பால்குவின் கல்லறை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை நேரத்தில் போனால் சுற்றிப்பார்க்கிற எண்ணத்தோடு உள்ளே நுழையாதீர்கள், அது அவர்களுடைய கோயில். முடிந்ததும் கேட்டால் யாராவது ஒருவர் நிச்சயம் உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார், கேமராவை எடுப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சீகன்பால்கு பற்றி நாம் பள்ளிக்கூடத்தில் ஒரு வரி படித்திருப்போம், அந்த ஒரு வரி போதாது. ஜெர்மனியில் புல்ஸ்னிட்ஸ் என்கிற ஊரில் 1682-இல் பிறந்தவர், மதம் பரப்ப டென்மார்க் அரசர் அனுப்பி 1706 ஜூலை 9-ஆம் தேதி புளூச்சோ என்கிற நண்பரோடு இங்கே வந்து இறங்கினார், வயது 24 கூட முழுசாக ஆகியிருக்க வாய்ப்பில்லை. கடற்கரையில் அந்த இடத்தில் ஒரு நினைவுக் கல் இருக்கிறது. அரசர் அனுப்பியவர் என்றால் ராஜ மரியாதை கிடைத்திருக்கும் என்று நினைப்போம். கோட்டைத் தளபதிக்கு இவர்களைக் கண்டாலே ஆகவில்லை. 1708 கடைசியில் சீகன்பால்குவைப் பிடித்து இதே கோட்டைக்குள் நாலு மாசம் சிறை வைத்தார்கள். கோட்டையைப் பார்க்கும்போது அந்த இருட்டு அறைகளில் நின்று இதை நினைத்துக்கொள்ளுங்கள், அறை வேறு மாதிரி தெரியும்.

அவர் தமிழ் கற்ற விதம்தான் எனக்கு இந்த ஊரிலேயே பிடித்த கதை. உள்ளூர் வாத்தியார் ஒருவரைக் கேட்டுக்கொண்டு, அவருடைய பள்ளிக்கூடத்தையே தங்கள் வீட்டுக்கு வரவழைத்து, சின்னப் பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகியிருக்கிறார்கள் இரண்டு பேரும். அப்புறம் ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்து, எந்தச் சுவடியில் என்ன இருக்கிறது என்று பட்டியலே போட்டிருக்கிறார். தமிழர்களுடைய தெய்வங்களைப் பற்றி 1713-இல் பெரிய புத்தகம் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினால், இங்கே போய் மதம் பரப்பச் சொன்னால் அங்கத்திய சாமிகளைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறாரே என்று அங்கே அதை அச்சிடாமலே வைத்துவிட்டார்கள், 1867-இல்தான் சென்னையில் அச்சாகி வெளிவந்தது. வந்தவர் சொன்ன மதத்தோடு எனக்கு உடன்பாடு உண்டா இல்லையா என்பது வேறு விஷயம், இத்தனை ஆர்வத்தோடு ஒரு பாஷையைக் கற்றவரிடம் மரியாதை தானாக வருகிறது. அந்த வாத்தியாரிடமும்தான். அவருக்கு ஊரில் ஒரு சிலையும் இல்லை, வைக்க வேண்டும்.

அச்சு விஷயம் தனி. தமிழில் அச்சு இங்கேதான் முதலில் வந்தது என்று சில வழிகாட்டிகள் சொல்வார்கள், அது சரியில்லை. போர்த்துக்கீசியர்கள் காலத்தில், 1578-லேயே கொல்லத்தில் தமிழ்ப் புத்தகம் அச்சாகிவிட்டது. ஆனால் நடுவில் அந்த வேலை அறுந்துபோய், தொடர்ந்து பல வருஷம் புத்தகங்கள் வந்துகொண்டே இருக்கும்படி ஒரு அச்சகத்தை நிலையாக நடத்திக் காட்டியது தரங்கம்பாடி. 1712-இல் லண்டனிலிருந்து அச்சு இயந்திரம் வந்தது, அடுத்த வருஷம் ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. வந்த எழுத்துகள் ரொம்பப் பெரிசு, அவற்றை வைத்து முழுப் புத்தகம் போட்டால் காகிதம் கட்டுப்படியாகாது. சின்ன எழுத்தை இங்கேயே வார்த்தார்கள், பாலாடைக்கட்டியைச் சுற்றி வந்த ஈயத்தகட்டை உருக்கித்தான் வார்த்தார்கள் என்று சொல்வதுண்டு. அந்த எழுத்தில் புதிய ஏற்பாடு 1715-இல் முழுசாக அச்சாகி முடிந்தது. காகிதத்துக்கு என்ன செய்தார்கள் என்றால் பக்கத்தில் பொறையாரில் சொந்தமாகக் காகிதப் பட்டறையே போட்டார்கள். கடுதாசிப் பட்டறை என்று அந்தப் பக்கத்தில் இன்றைக்கும் இடத்தின் பெயர் வழங்குகிறது. 1719-இல் 36 வயதில் சீகன்பால்கு இறந்துபோனார். பன்னிரண்டு பதின்மூன்று வருஷத்தில் ஒரு மனிதர் இத்தனை செய்திருக்கிறார்.

இதையெல்லாம் பார்க்க அட்மிரல் தெருவில் சீகன்பால்கு இல்லம் என்று ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது, 2017-இல் திறந்தது. இதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை, கோட்டைக்கு வருகிற கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இந்தத் தெருவுக்குள் வருவது மாதிரி தெரியவில்லை. எனக்குக் கோட்டையைவிட இங்கேதான் அதிகம் கிடைத்தது. அச்சுப்பணி, பள்ளிக்கூடங்கள், இங்கேயிருந்து ஐரோப்பாவுக்குப் போன கடிதங்கள் என்று எல்லாவற்றையும் ஒரு ஒழுங்கில் சொல்கிற இடம். 1707-லேயே பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்திய ஊர் இது. நாம் பெண்கல்வி என்று பேச ஆரம்பித்ததெல்லாம் எவ்வளவோ பின்னால். குழந்தைகளோடு போகிறவர்கள் கோட்டைக்குப் போவதற்கு முன்னால் இங்கே போய்விடுங்கள், அப்புறம் கோட்டை தானாகப் புரியும்.

சரி, கோட்டைக்கு வருவோம். டான்ஸ்போர்க் கோட்டை, 1620. கதை இப்படி. டென்மார்க்கில் நாலாம் கிறிஸ்டியன் அரசர் 1616-இல் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி ஆரம்பிக்கிறார். 1618-இல் ஓவே கியெட்டே என்கிற இளம் கப்பற்படைத் தலைவர் கப்பல்களோடு புறப்படுகிறார். அவர்களுக்கு முதலில் தரங்கம்பாடி என்கிற பெயரே தெரியாது, இலங்கையில் கண்டி அரசரோடு ஒப்பந்தம் போட வேண்டும் என்றுதான் கிளம்பினார்கள். அங்கே காரியம் நடக்கவில்லை. அதற்குள் முன்னால் போன ஒரு கப்பலைக் காரைக்கால் பக்கத்தில் போர்த்துக்கீசியர்கள் மூழ்கடித்துவிட, அதில் தப்பிப் பிழைத்த ரோலண்ட் கிராப்பே என்கிறவரும் சில ஆட்களும் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நாகப்பட்டினத்தில் போர்த்துக்கீசியர்கள் கொழுத்துக்கொண்டிருந்த நேரம், அவர்களுக்குப் போட்டியாக இன்னொரு வியாபாரி வந்தால் நாயக்கருக்கு லாபம். 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆனது. நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் கடிதம் எழுதினார், தமிழில் எழுதி, தெலுங்கில் கையெழுத்து. அந்தத் தகடு இன்றைக்கும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது.

இதைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டேனிஷ்காரர்கள் வந்து பிடித்த ஊர் மாதிரி பலரும் பேசுகிறார்கள். கப்பல் உடைந்து கரையேறியவர்களுக்கு, தன் கணக்குப் பார்த்து, ஆண்டுக் குத்தகைக்கு ஒரு நாயக்க மன்னர் கொடுத்த ஊர் இது.

இன்னொரு கதையும் யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்லிவிடுகிறேன். 1640-களில் டென்மார்க்கில் யுத்தம், கடன், கம்பெனி நொடித்துப்போனது, இங்கே கப்பல் வருவதே நின்றுபோனது. இருபது வருஷத்துக்கும் மேல் ஒரு டேனிஷ் கப்பல்கூட வரவில்லை. கோட்டையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போக, கடைசியில் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்கிற சாதாரண ஆள் பொறுப்பை ஏற்று, உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டே கோட்டையைக் காப்பாற்றி, நாயக்கர் படை முற்றுகை போட்டபோது ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பி, 1669-இல் டென்மார்க்கிலிருந்து கப்பல் வந்து எட்டிப்பார்க்கும் வரைக்கும் கொடியை இறக்காமல் இருந்திருக்கிறார். வந்த கப்பல்காரர்களுக்கு, இங்கே இன்னும் நம் கொடி பறக்கிறதா என்று நம்பவே முடிந்திருக்காது. கோட்டை மதில்மேல் ஏறிக் கடலைப் பார்த்து நிற்கும்போது எனக்கு அரசர்கள் ஞாபகம் வருவதில்லை, இந்த ஆள் ஞாபகம்தான் வரும்.

கோட்டை இரண்டு தளம். கீழே வெடிமருந்து அறை, சமையல்கட்டு, மதுக்கிடங்கு, சிறை, எல்லாம் வளைவான கூரை போட்ட தாழ்ந்த அறைகள், வெயில் நேரத்திலும் குளுமையாக இருக்கும். மேலே ஆளுநரும் அதிகாரிகளும் இருந்தார்கள், அவர்களுக்கென்று ஒரு சின்னத் தேவாலயமும் இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அரசு அதிகாரிகள் வந்து தங்குகிற பங்களாவாக இருந்து, 1978-இல்தான் தமிழ்நாடு தொல்லியல் துறை கைக்கு வந்தது. டென்மார்க்கில் இருக்கும் தரங்கம்பாடிச் சங்கத்துக்காரர்கள் வந்து கூடநின்று பழுதுபார்த்தும் கொடுத்திருக்கிறார்கள். அருங்காட்சியகத்தில் பீங்கான் பாத்திரங்கள், சீனத்துத் தேயிலை ஜாடிகள், வாள், ஈட்டி, சுடுமண் உருவங்கள், சுதை, பீரங்கிக் குண்டுகள், பெரிய அரைக்கும் கல், திமிங்கில எலும்பு என்று பொருளுக்குக் குறைவில்லை. மூன்று ஸ்டார் ஏன் என்றால், பொருள்கள் இருக்கும் அளவுக்குக் கதை இல்லை. ஒரு ஜாடியைப் பார்த்தால் இது எந்தக் கப்பலில் வந்திருக்கும், யார் வீட்டில் இருந்திருக்கும், இதைக் கொடுத்துவிட்டு இங்கிருந்து என்ன வாங்கிக்கொண்டு போனார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. மிளகும் துணியும் போன கதை ஊருக்கே தெரியும். பஞ்சத்திலும் கடனிலும் விழுந்த ஏழை ஜனங்களை அடிமைகளாக வாங்கிக் கப்பலேற்றியதும் இதே கடற்கரையில்தான் நடந்தது, அது எங்கேயும் எளிதில் கண்ணில் படுவதில்லை. வெள்ளை அடித்த சுவரும் நீலக் கடலும் அழகுதான், மறுக்கவில்லை, இதுவும் தெரிந்து பார்க்க வேண்டும் என்கிறேன்.

டிக்கெட் ரொம்பக் குறைவு. வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், அதனால் கிளம்புவதற்கு முன்னால் விசாரித்துக்கொள்ளுங்கள். வழிகாட்டி ஒருவர் தானாகவே வந்து ஒட்டிக்கொண்டு, பாதி விஷயத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்ட தொகை எனக்குக் கடுப்பாக இருந்தது. முன்கூட்டியே பேசிக்கொள்ளாமல் யாரையும் கூட்டிக்கொள்ளாதீர்கள்.

கோட்டையிலிருந்து வெளியே வந்து கடலோரமாக வடக்கே நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். என்னைக் கேட்டால் ஊரின் உயிரே இதுதான். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் கட்டியது. சடங்கன்பாடி என்று கல்வெட்டில் ஊர்ப்பெயர் இருக்கிறது, பாண்டியன் பெயரால் குலசேகரன்பட்டினம் என்றும் இருக்கிறது. பெயரிலேயே பட்டினம் என்று வருகிறதே, அப்போதே இது வியாபாரிகள் வந்துபோன துறையாக இருந்திருக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கோயிலின் முன்பக்கத்தைத் தின்றுவிட்டது. முன்பு போனவர்கள் எடுத்த படங்களில் இடிந்த மண்டபமும் அலையில் நனைகிற கல்லும்தான் இருக்கும். இப்போது திருப்பணி செய்து, வர்ணம் அடித்து, விமானம் எழுப்பியிருக்கிறார்கள். பழைய கல் தெரிந்தால் நன்றாக இருக்குமே என்று என்னைப் போன்றவர்களுக்குத் தோன்றும், ஆனால் விளக்கெரிந்து பூஜை நடக்கிற கோயிலை நமக்காகப் பாழாக வைத்திருக்கச் சொல்வது நியாயமில்லை. கரையில் சிதறிக் கிடக்கும் கற்களில் சிலதை உற்றுப் பாருங்கள், உளி பட்ட வேலை தெரியும்.

அலை தடுக்கப் பாறாங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள் பாருங்கள், அது அழகுக்காக இல்லை. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி இந்த ஊரில் நூற்றுக்கணக்கான பேரைக் கொண்டுபோனது, அதில் மீனவர் குடியிருப்புகள்தான் அதிகம் அடிபட்டன. கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன், "கோட்டைக்கு ஒண்ணும் ஆகலையே ஐயா?" என்று என்னோடு வந்தவர் கேட்டுவிட்டார். "கோட்டைக்கு என்ன தம்பி, அது கல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் வலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். இந்த ஊருக்கு வந்தால் மீனவர்களிடம் சுனாமியைப் பற்றி நாமாக ஆரம்பிக்க வேண்டாம், அவர்களாகச் சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள்.

சுனாமிக்குப் பிறகு ஊர் மீட்கப்பட்ட விதம் பாராட்ட வேண்டியது. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற இன்டாக் அமைப்பும் டென்மார்க் தேசிய அருங்காட்சியகமும் சேர்ந்து பல கட்டடங்களைச் சரிசெய்திருக்கிறார்கள், கோட்டைக்கு எதிரே 1784-இல் கட்டிய ஆளுநர் மாளிகை அதில் முக்கியமானது. அதைவிட எனக்குப் பிடித்தது கோல்ட்ஸ்மித் தெரு. வரிசையாகத் தமிழ் வீடுகள், ஓட்டுக் கூரை, தெருவைப் பார்த்த திண்ணை, மரத்தூண், நடுவில் முற்றம். பங்களாக்களை மட்டும் பாதுகாத்துவிட்டுச் சாதாரண வீடுகளைக் கைவிடுகிற வழக்கம் நம் ஊரில் உண்டு, இங்கே அந்தத் தவறு நடக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து பாருங்கள், மதியம் மூன்று மணி வெயிலிலும் காற்று எப்படி உள்ளே வந்து போகிறது என்று தெரியும், இதை விட்டுவிட்டு ஏன் கான்கிரீட் பெட்டிக்குள் போனோம் என்று வயிறு எரியும்.

1845-இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயர்களுக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். கொஞ்ச காலம் கலெக்டர் இங்கே இருந்தார், அப்புறம் ரயில் நாகப்பட்டினத்துக்குப் போனது, வியாபாரமும் கூடவே போய்விட்டது. ஊர் வளராமல் நின்றுபோனதால்தான் இத்தனையும் இடிபடாமல் நமக்குக் கிடைத்திருக்கிறது.

ஓசோன் காற்று நிறைந்த கடற்கரை, மூச்சை இழுத்தால் உடம்புக்கு நல்லது என்று தரங்கம்பாடியைப் பற்றி எல்லா இடத்திலும் எழுதிவைத்திருக்கிறார்கள். தயவுசெய்து நம்ப வேண்டாம். தரைமட்டத்தில் ஓசோன் அதிகம் இருந்தால் நுரையீரலுக்குக் கெடுதல்தான். கடற்கரையில் வரும் அந்த வாசனை கடல்பாசியும் நுண்ணுயிர்களும் வெளிவிடுகிற கந்தகச் சேர்மங்களிலிருந்து வருவது. காற்று நல்ல காற்று, அதற்கு இந்த மாதிரிக் கதை எதுவும் தேவையில்லை.

சாப்பாடு. இங்கேதான் ஏமாற்றம். கடலோர ஊர், காலையில் கரைக்குப் போனால் நெத்திலியும் வஞ்சிரமும் காரப்பொடியும் கூடைகூடையாக வருகிறது, ஆனால் வருகிறவர்களுக்கு நல்ல மீன் குழம்புச் சாப்பாடு போட மெயின் ரோட்டில் சொல்லிக்கொள்கிற மாதிரிக் கடை கிடைக்கவில்லை. ஒரு கடையில் முதல்நாள் குழம்பைச் சூடுபண்ணிக் கொடுத்தார்கள், மீனில் உப்பே ஏறவில்லை, கேட்டால் பதிலும் சரியில்லை, கடைப் பெயர் வேண்டாம். விடிகாலையில் கரைக்குப் போய் மீன் விற்கிற அம்மாக்களிடம் விசாரித்து, வீட்டுச் சாப்பாடு யார் செய்து கொடுப்பார்கள் என்று கேட்பதுதான் என் வழி. அப்படிக் கிடைத்த ஒரு சுறாப்புட்டுச் சாப்பாட்டை இன்றைக்கும் மறக்க முடியவில்லை, சின்ன வெங்காயம் கண்ணாடியாக வதங்கி, பூண்டு பல் பல்லாக, தேங்காய் போடாமல், ரசத்துக்குத் தொட்டுக்கொள்ள. முன்னால் சொல்லிவைக்க வேண்டும், நினைத்த நேரத்தில் கிடைக்காது.

தங்குவதற்குக் கடலைப் பார்த்த பழைய கலெக்டர் பங்களா ஓட்டலாக இருக்கிறது, அழகான இடம், அந்த மாடி வராந்தாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது, கட்டணம்தான் எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. குறைந்த செலவில் வேண்டுமென்றால் திருக்கடையூரிலோ காரைக்காலிலோ அறை எடுத்துக்கொண்டு அதிகாலையிலேயே வந்துவிடுங்கள். கோட்டைக்கு முன்னால் சூரியன் கடலிலிருந்து எழும்புகிற நேரத்தில் கூட்டம் இருக்காது.

நேரம் மீந்தால் பக்கத்தில் இரண்டு இடம். பொறையார், காகிதப் பட்டறை பற்றிச் சொன்னேனே அந்த ஊர், இப்போது கல்லூரி இருக்கிறது, தரங்கம்பாடியின் முதல் இந்திய பேராயர் மாணிக்கம் பெயரைத் தாங்கியது. இன்னொன்று தில்லையாடி. தென்னாப்பிரிக்காவில் காந்தியோடு போராட்டத்தில் சிறை சென்று, 1914-இல் 16 வயதில் உயிரைவிட்ட வள்ளியம்மையின் பூர்வீக ஊர். 1915-இல் காந்தி இங்கே வந்து போனார், நினைவு மண்டபம் இருக்கிறது. ஆட்டோவில் சில நிமிஷம்தான், பெண் குழந்தைகளை அவசியம் கூட்டிக்கொண்டு போங்கள்.

போக நல்ல மாசம் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. அக்டோபர், நவம்பரில் மழை எப்போது பிடிக்கும் என்று சொல்ல முடியாது, மே மாசத்து மத்தியான வெயிலில் கிங்ஸ் ஸ்ட்ரீட்டில் நடப்பது கஷ்டம், நிழல் குறைவு. தொப்பி, தண்ணீர், நடக்கச் சௌகரியமான செருப்பு மூன்றும் கட்டாயம். கடலில் இறங்கும்போது ஜாக்கிரதை, பாறைகளுக்கு நடுவில் இழுப்பு அதிகம், பிள்ளைகளைக் கையைப் பிடிக்காமல் விடாதீர்கள். வரிசை மட்டும் மாற்றாமல் போய்ப் பாருங்கள்: வாசல், தேவாலயங்கள், அட்மிரல் தெரு, கோல்ட்ஸ்மித் தெரு, அப்புறம் கோட்டை, கடைசியில் சாயங்காலப் பூஜைக்கு மாசிலாமணிநாதர்.